86 வயது ஆத்தாவுக்கு ஆஞ்சியோ செய்யலாமா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "எங்கள் ஆத்தாவுக்கு 86 வயது, எடை 42 கிலோ. இருபது வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி நெஞ்சை அழுத்துகிறது, மூச்சு முட்டுகிறது என்றார். காரைக்குடியில் சேர்த்தோம். ஈசிஜியில் பெரிய மாற்றமில்லை, ரத்தத்தில் ட்ரோபோனின் கூடியிருக்கிறது, சின்ன அட்டாக் என்றார்கள். ஐந்து நாள் வைத்திருந்து மருந்து எழுதி அனுப்பினார்கள். இப்போது வலியில்லை, வீட்டுக்குள் நடமாடுகிறார். கிரியேட்டினின் 1.4. மதுரையில் காட்டினோம். ஆஞ்சியோ பண்ணி, அதாவது மருந்து செலுத்தி இதயக் குழாய்களைப் படம் பிடித்து, அடைப்பு இருந்தால் அப்போதே ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்துவிடலாம் என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி உடனே செய்யச் சொல்கிறான். தங்கச்சி இந்த வயதில் ஒன்றும் வேண்டாம் என்கிறாள். செய்தால் ஆபத்தா? செய்யாவிட்டால் நாங்களே கைவிட்டது மாதிரி ஆகிவிடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. உங்கள் ஆத்தாவின் நிலையில் மருந்தோடு பார்த்துக்கொள்வதும் முறையான வைத்தியம்தான். அதைக் கைவிடுவது என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் குற்ற உணர்ச்சியை ஒதுக்கி வைத்துவிட்டால் மற்றதை நிதானமாக யோசிக்கலாம்.

அட்டாக் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ரத்தக்குழாய் முழுசாக அடைத்துக்கொண்டு ஈசிஜியிலேயே பளிச்சென்று தெரிகிற பெரிய அட்டாக் என்றால் நிமிடங்கள் முக்கியம். நேற்று வரை நடமாடியவர் என்றால், 86 வயதானாலும் அடைப்பை உடனே திறப்பதில்தான் பலன். ஆத்தாவுக்கு வந்தது அதுவல்ல. குழாய் ஓரளவு அடைபட்டு இதயத் தசைக்குக் கொஞ்சம் சேதம் ஆகியிருக்கிறது. வலி அடங்கி மூன்று வாரம் ஓடிவிட்டது. ஆகவே இன்றே, நாளையே என்ற அவசரம் இப்போது இல்லை.

இந்த வயதுக்காரர்களை நெடுங்காலம் ஆராய்ச்சிகளில் சேர்க்கவே மாட்டார்கள். அறுபது வயதுக்காரருக்குக் கிடைத்த விடையை எண்பதுக்காரர் மேல் ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நிலைமை தேவலை. பிரிட்டனில் 75 வயதைத் தாண்டிய 1,518 பேரை வைத்து நடத்திய 'சீனியர்-ரீட்டா' ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. சராசரி வயது 82. எல்லோருக்கும் ஆத்தாவுக்கு வந்தது மாதிரியான அட்டாக்தான். பாதிப் பேருக்கு மருந்து மட்டும், மீதிப் பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோ, தேவைப்பட்டால் ஸ்டென்ட் அல்லது பைபாஸ். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, இதய நோயால் இறந்தவர்களும் மறுபடி அட்டாக் வந்தவர்களும் சேர்ந்து இரண்டு பக்கமும் 100-க்கு 26 பேர் அளவில்தான் இருந்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஆனால் மறுபடி அட்டாக் வந்து பிழைத்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மருந்துப் பக்கம் 100-க்கு 15, ஆஞ்சியோ பக்கம் 12-க்குச் சற்றுக் கீழே. செய்முறையால் பெரிய சிக்கல் வந்தவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

நார்வேயில் 80 வயதைத் தாண்டிய 457 பேரிடம் நடத்திய, 2016-இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதே திசையில்தான் போகிறது. ஆஞ்சியோ பக்கம் மறு அட்டாக் குறைந்தது, இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை, வயது ஏற ஏறப் பலனும் மங்கியது. ஆக, தம்பி நினைக்கிற அளவுக்கு இது உயிரைக் கட்டாயம் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. தங்கச்சி பயப்படுகிற அளவுக்கு ஆபத்தானதும் இல்லை. ஆனால் ஆய்வில் வந்த சராசரி மனிதர் ஆத்தா கிடையாது. அவருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது சிறுநீரகம். கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. அது 1.4 என்றால் கொஞ்சம்தானே கூட என்று தோன்றும். 86 வயது, 42 கிலோ உடம்பில் தசை குறைவு, அதனால் கிரியேட்டினின் குறைவாகத்தான் காட்டும். கணக்குப் போட்டால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு 40-க்கும் கீழே வருகிறது. நல்ல சிறுநீரகத்தில் அது 90-க்கு மேல். ஆஞ்சியோவில் குழாய்கள் தெரிவதற்காகச் செலுத்தும் மருந்து இப்படிப்பட்ட சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் சரியாகிவிடும். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகும், சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த வாய்ப்பு அதிகம். முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது, அந்த மருந்தை மிகக் குறைவாகப் பயன்படுத்துவது, மெட்ஃபார்மின் சாப்பிட்டால் நிறுத்திவைத்துப் பிறகு ரத்தப் பரிசோதனை பார்த்துத் தொடங்குவது எல்லாம் வழக்கமான பாதுகாப்புகள். இதயம் பலவீனமாக இருந்தால் சலைனே நுரையீரலில் தண்ணீர் கோத்துவிடும், அதனால் முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, குழாய்களில் படிந்த சுண்ணாம்பு. இந்த வயதில், அதுவும் சர்க்கரையோடு, அடைப்பு கல் மாதிரி இறுகியிருக்கும். அடைப்பைத் திறக்க உள்ளே விடும் பலூன் விரியாது. சுரண்டி எடுக்கும் கருவியோ அதிர்வலையால் உடைக்கும் பலூனோ தேவைப்படலாம். அப்போது நேரமும் செலவும் கூடும், குழாய் கிழிகிற ஆபத்தும் கூடும். பக்கவாதம் அபூர்வம்தான், ஆனால் வயதானவர்களுக்கு அது கொஞ்சம் அதிகம். மெலிந்த வயதான பெண்களுக்கு ரத்தக்கசிவும் அதிகம். தொடை வழியாகப் போவதைவிட மணிக்கட்டு வழியாகப் போனால் கசிவு கணிசமாகக் குறையும். அந்த வழியில் பழகிய மருத்துவர் செய்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள்.

மூன்றாவதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கு அதுதான் வருத்தம். ஐசியுவில் ஓர் இரவு கழிந்ததும் சிலர் ஆளே மாறிப்போவார்கள். எந்த ஊர் என்று தெரியாது, பிள்ளைகளையே அடையாளம் தெரியாது, குழாயைப் பிடுங்குவார்கள். பார்க்கிற குடும்பம் பதறிவிடும். பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும், சிலருக்கு முழுதாகத் திரும்பாது. கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். அவருக்குப் பழகிய ஒருவர் பக்கத்திலேயே இருக்க அனுமதி கேளுங்கள். பைபாஸ் அளவுக்குப் போனால் இந்தக் குழப்பமும் மற்ற ஆபத்துகளும் பல மடங்கு. ஆத்தாவின் உடம்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயதைவிட நன்றாக முன்னறிவிப்பது உடம்பின் தெம்பு. அதைப் பார்க்க உங்கள் வீடே போதும். வளவுத் தாழ்வாரத்தில் ஐந்து மீட்டர் அளந்து, வழக்கமான வேகத்தில் ஆத்தாவை நடக்கச் சொல்லுங்கள். ஆறு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் மெதுவான நடை. இதய அறுவைக்குப் போன 70 வயது கடந்தவர்களில் இப்படி மெதுவாக நடந்தவர்களுக்கு இறப்பும் பெரிய சிக்கலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஓர் ஆய்வில் தெரிந்தது. ஸ்டென்டுக்கு அதே கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று காட்டும். போன தீபாவளிக்கு இருந்த எடை இப்போது இருக்கிறதா, தானே குளிக்கிறாரா, ஆறு மாதத்தில் விழுந்தாரா, மறதி உண்டா? இதையெல்லாம் எழுதி மதுரைக்குக் கொண்டுபோங்கள். பத்து நிமிடப் பார்வையில் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை.

இன்னொன்று. தம்பி சொன்னது எழுதியிருக்கிறீர்கள், தங்கச்சி சொன்னதும் எழுதியிருக்கிறீர்கள். ஆத்தா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. பயந்துவிடுவார் என்று நினைத்து மறைக்க வேண்டாம். மூன்று ஊரில் இருக்கும் பிள்ளைகள் போனிலேயே முடிவெடுத்துவிட்டு, காலையில் "ஒரு டெஸ்ட்தான் ஆத்தா" என்று காரில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூச்சுத் திணறல் இல்லாமல் பிள்ளையார்பட்டிக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்பாரா, இனி ஆஸ்பத்திரி வாசலே மிதிக்க வேண்டாம் என்பாரா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதிலும் 'அப்போதே ஸ்டென்ட்' என்றால் மேசையில் படுத்திருக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்காது. எந்த அளவு அடைப்புக்கு வைப்பார்கள், எதற்கு வைக்காமல் திரும்புவார்கள் என்பதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

என் கருத்து இது. வலி திரும்பாத வரை மருந்தைச் சீராக்கி, நான்கைந்து வாரம் பார்க்கலாம். மாத்திரை சாப்பிட்டும் சும்மா இருக்கும்போதே நெஞ்சு அழுத்தினால், பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்கினால், அப்போது ஆஞ்சியோவில் நியாயம் இருக்கிறது. மணிக்கட்டு வழியாக, சிரமம் தரும் ஒரு குழாயை மட்டும் குறி வைத்து, சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொண்டு செய்யட்டும். எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் திறன் மிகக் குறைந்திருந்தால் மட்டும் காத்திருக்காமல் மறுபடி பேசுங்கள்.

எந்த வழியானாலும் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை கொடுத்திருப்பார்கள். ஸ்டென்ட் வைத்தபின் அதைத் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும், அதனால் எத்தனை மாதம் என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். இந்த வயதில் ஆஸ்பிரினோடு டிகாக்ரெலாரைவிடக் குளோபிடோகிரெல் தந்தால் கசிவு குறைவு. மலம் கறுப்பாகப் போனால் அன்றே காட்டுங்கள். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் மாத்திரை வயிற்றுக்கும் ஆகாது, சிறுநீரகத்துக்கும் ஆகாது. நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் வழுவழுப்பு, கட்டுக்குக் கட்டு நிலைப்படி, குளியலறை கடைக்கோடியில். இந்த மாத்திரையோடு ராத்திரி அங்கே விழுந்தால் தலைக்குள் ரத்தம் கட்டிவிடும். ஆத்தாவின் கட்டிலைக் குளியலறைப் பக்கமாக மாற்றுங்கள், வழியில் சின்ன விளக்கு எரியட்டும், சுவரில் கைப்பிடி வையுங்கள்.

இரவில் மறுபடி வலி வந்தால் மதுரையா திருச்சியா என்று குடும்பத்தில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. எது என்றாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரப் பயணம். 108-ஐ அழையுங்கள், முதல் ஈசிஜி பக்கத்திலேயே எடுக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் அட்டாக்குக்கான முதல் மாத்திரைகள் 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில் தரப்படுகின்றன. வயதானவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவோ குப்பென்ற வேர்வையாகவோ மயக்கமாகவோ வரலாம். அதையும் வலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜி, எக்கோ, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், கிரியேட்டினின் அளவு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள்.