அறுபதும் ஆமை வேகமா?

கேள்வி: நெடுஞ்சாலையில் நெடுநேரம் 100 கி.மீ. வேகத்தில் ஓட்டிவிட்டு ஊருக்குள் திரும்பினால், 60-ல் போவதுகூட ஊர்வது போல இருக்கிறது. ஏன்?

பதில்: கண் வேகத்தை அளப்பதில்லை, ஒப்பிடுகிறது. ஒரே வேகத்தில் காட்சிகள் பின்னோக்கி ஓடிக்கொண்டே இருந்தால் மூளை அதற்குப் பழகி, அதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு வேகம் குறைந்ததும், உண்மையில் இருப்பதைவிட மெதுவாகப் போவதாகத் தோன்றும். சத்தமில்லாத கார் என்றால் இந்த மயக்கம் இன்னும் கூடும்; இன்ஜின், காற்று இரைச்சலும் வேகத்தைச் சொல்லும் தடயங்கள்தானே!

விளைவு சின்னதல்ல. உலர்ந்த சாலை, ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், 40-ல் வருபவர் சுமார் 20 மீட்டரில் நின்றுவிடுவார். 60-ல் வருபவர் அதே இடத்தை 50-க்கும் மேற்பட்ட வேகத்தில் கடப்பார். அந்த ஒரு விநாடியிலேயே அவருக்கு 17 மீட்டர் போய்விடுகிறது.

எனவே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய முதல் சில நிமிடங்களுக்கு உள்ளுணர்வை நம்ப வேண்டாம். ஸ்பீடாமீட்டரை அடிக்கடி பாருங்கள். மேனுவல் கியர் வண்டியில் ஒரு கியர் குறைத்தே ஓட்டுங்கள். வேகம் ஏறினால் இன்ஜின் சத்தமே காட்டிக்கொடுக்கும்.