மரம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

நகர வடிவமைப்பால் சுற்றுச்சூழலையும் சமத்துவத்தையும் சேர்த்தே வளர்க்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வீட்டுக்கும் வேலைக்கும் அல்லாடுகிறவனுக்கு மரமும் பூங்காவும் எதற்கு? பூங்கா வந்தால் வாடகை ஏறி அவன்தானே வெளியேறுகிறான்? மின்சாரப் பேருந்து பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாடகை பற்றி நீங்கள் சொல்வது சரி. நியூயார்க்கில் பழைய ரயில் மேம்பாலத்தை ஹை லைன் பூங்காவாக்கி 2009இல் திறந்தார்கள். சுற்றிலும் ஆடம்பரக் குடியிருப்புகள் முளைத்தன, விலை எகிறியது. பூங்கா போடும்போதே வாடகைக்கும் கடிவாளம் போட வேண்டும். மின்சாரப் பேருந்தை இன்னொரு நாள் பேசலாம்.

ஆனால் ‘மரம் எதற்கு’ என்று கேட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வெயிலில் நிற்கிற யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சிறுவயதில் அம்மாவோடு மதியப் பேருந்துக்குக் காத்திருப்பேன். நிறுத்தத்தில் கூரை கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் மட்டும். அதன் நிழல் ஒரு சாண் அகலம் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்போம். நிழல் நகர நகர வரிசையும் நகரும். இடம் கிடைக்காத நாட்களில் அம்மா சூரியனுக்கு முதுகு காட்டி, தன் நிழல் என்மேல் விழும்படி நிற்பாள். பேருந்து வரும்போது அவள் கழுத்தெல்லாம் சிவந்து கிடக்கும். நிழலை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கழுத்துதான் ஞாபகம் வருகிறது.

ஏழைகள் இருக்கும் இடத்தில் நிழல் இல்லாதது தற்செயல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1930களில் வீட்டுக்கடனுக்காக அரசு அமைப்பு ஒன்று நகரங்களைத் தரம் பிரித்து வரைபடம் போட்டது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பு வண்ணம்; கடன் கிடைப்பதே அரிது. 2020இல் வெளியான ஓர் ஆய்வு 108 நகரங்களை எடுத்துப் பார்த்தது. அந்தச் சிவப்புப் பகுதிகளின் தரை மற்ற இடங்களைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் அதிகம் கொதிக்கிறது. மரம் குறைவு, தாரும் கான்கிரீட்டும் அதிகம். பகலில் குடித்த சூட்டை அவை இரவில் கக்கும். வேலை முடிந்து வந்தவனுக்குத் தூக்கமும் போயிற்று. யாரோ என்றோ மேஜையில் தீட்டிய வண்ணம், அப்புறம் பிறந்த பிள்ளைகளையும் சுடுகிறது.

உங்கள் அக்கறை உண்மையானது, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். ஒன்று செய்யுங்கள். நாளை மதியம் ஒரு மணிக்கு, கூரையில்லாத ஏதாவது ஒரு நிறுத்தத்தில் அரைமணி நேரம் நில்லுங்கள். அப்புறம் எழுதுங்கள்.