பெல் அடித்த பிறகு வரும் பிள்ளை: சில கேள்விகள், பதில்கள்

அரசு தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியையாக. பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது, தாமதமாக வருவது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகன் இரண்டாம் வகுப்பு. காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறான். லீவு போட்டால் பத்து மணிக்கெல்லாம் சரியாகி விளையாடப் போய்விடுகிறான். நடிக்கிறானா?

நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. இந்த வயதில் பயம் வந்தால் வயிறு உண்மையாகவே வலிக்கும். முதலில் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். உடம்பில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால், பள்ளியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டால் பதில் வராது. யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஒன்றுக்கு எப்போது போனாய், சாப்பாட்டை ஏன் மிச்சம் வைத்தாய் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையன் வாரக்கணக்கில் வயிற்று வலி என்றான். கடைசியில் பார்த்தால் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெரிய பையன்கள் கதவைத் தள்ளித் திறந்து சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். தாழ்ப்பாள் போட்ட வாரமே வலி போய்விட்டது. அதை முதலிலேயே கவனிக்காமல் விட்டது என் தவறு. இன்னும் மனதில் உறுத்துகிறது.

அப்புறம், வீட்டில் இருக்கும் நாளில் டி.வி., செல்போன் வேண்டாம். மறுநாள் நீங்களே கூட்டிக்கொண்டு போய் வகுப்பில் விடுங்கள். ஒரு நாள் தள்ளினால் அடுத்த நாள் போவது இன்னும் கஷ்டமாகிவிடும்.

கேள்வி: நான் புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர். என் நான்காம் வகுப்பில் ஒரு பெண் தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருகிறாள். வெளியே நிற்க வைத்தும் மாறவில்லை.

தம்பி, நிற்க வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடிப்பதை மட்டும் அல்ல, மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 வேலை நாள் என்று அதே சட்டம் சொல்கிறது. தினம் 20 நிமிடம் போனால் 4,000 நிமிடம். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரப் பாடம் என்று வைத்தால் 13 நாள் படிப்பு. உங்கள் முதல் பாடவேளை கணக்கு என்றால் அந்த 13 நாளும் கணக்குப் பாடத்திலிருந்தே போகிறது. இதற்கு மேல் நீங்களும் வெளியே நிற்க வைத்தால் என்ன மிஞ்சும்?

ஒரு நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் வாருங்கள். இப்படி ஒரு பெண் என்னிடமும் படித்தாள். அம்மா விடியுமுன்பே பூப்பறிக்கப் போய்விடுவார். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வைத்து, தம்பியைக் குளிப்பாட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டுத்தான் இவள் வர வேண்டும். அங்கன்வாடி திறக்காமல் எப்படி வருவாள்? தம்பியையும் கூடவே கூட்டி வரச் சொன்னேன். அவன் என் மேசைக்குப் பக்கத்தில் சிலேட்டில் கிறுக்கிக்கொண்டு இருப்பான். அங்கன்வாடி திறந்ததும் ஆயா வந்து அழைத்துப் போவார். அதற்குப் பிறகு அவள் பிரேயருக்கே வந்துவிட்டாள்.

அதுவரை, தாமதமாக வந்தாலும் "வாம்மா, உட்கார்" என்று மட்டும் சொல்லுங்கள். விசாரணையை இடைவேளையில், தனியாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எட்டாம் வகுப்பு மகனைக் காலையில் எழுப்பவே முடியவில்லை. தினமும் பள்ளி வேனைத் தவறவிடுகிறான்.

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான்? பதின்மூன்று வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டு மணி வரை செல்போனைப் பார்த்துவிட்டு ஆறு மணிக்கு எழுந்திரு என்றால் உடம்பு கேட்காது. எல்லோருடைய செல்போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், ஒன்பதரை மணிக்குக் கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். படுக்கும் நேரத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது, சில நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டு வாருங்கள்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு, பெரியவளாகிவிட்டாள். சடங்கு முடியும் வரை அனுப்பக் கூடாது என்கிறார் மாமியார். அதன்பிறகும் மாதம் மூன்று நாள் வீட்டில்தான் இருக்க வேண்டுமாம்.

மாதம் மூன்று நாள் என்றால் பத்து மாதத்தில் முப்பது பள்ளி நாள் வரை போய்விடும், அதாவது ஆறு வாரப் படிப்பு. இந்தக் கணக்கை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். சடங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம், அதுவரை பிள்ளை பள்ளிக்குப் போகட்டும். அரசுப் பள்ளி என்றால் நாப்கின் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நாப்கினைப் போட இடம் இருக்கிறதா என்று நீங்கள் நேரில் போய்ப் பாருங்கள். இல்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அங்கே பெற்றோருக்குத்தான் அதிக இடம், வெட்கப்பட வேண்டாம். எழுந்திருக்க முடியாத அளவுக்கு வலி இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

கேள்வி: பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு வெளியூர் போய்விடுவோம். பிள்ளைகள் படிப்பு?

பேரை இங்கே பதிவேட்டில் விட்டுவிட்டுச் சொல்லாமல் போகாதீர்கள் அண்ணா. அது ஒன்றுதான் பெரிய ஆபத்து. போகுமுன் தலைமையாசிரியரிடம் சொல்லி மாற்றுச் சான்றிதழும், கல்வித் துறை பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அங்குள்ள அரசுப் பள்ளி சேர்க்க மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. தாத்தா பாட்டியால் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் பிள்ளைகளை ஊரிலேயே விட்டுப் போவது இன்னும் நல்லது. சூளையில் பிள்ளைகளையும் கல் அடுக்கச் சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கலாமா?

நானும் கொடுத்திருக்கிறேன், பிறகு நிறுத்திவிட்டேன். அந்தப் பரிசுக்காக அம்மைக் கொப்புளம் காயாத பிள்ளை வகுப்பில் வந்து உட்கார்ந்தது. மற்ற பிள்ளைகளுக்கும் தொற்றியது. போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வந்த பிள்ளையைப் பாராட்டுங்கள், அது போதும்.

எந்தப் பரிசும் செய்யாததைக் காலை உணவு செய்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எங்களைப் போன்ற எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்கு முன்பு பிரேயரில் பிள்ளைகள் மயங்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். உப்புமாவும் பொங்கலும் வந்த பிறகு பெல்லுக்கு முன்பே வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும்.

கேள்வி: அம்மா போனிலிருந்து எழுதுகிறேன் டீச்சர். ஆறாம் வகுப்பு. டைபாய்டு வந்து மூன்று வாரம் போகவில்லை. இப்போது போகப் பயமாக இருக்கிறது.

பயம் வரத்தான் செய்யும் கண்ணு. இன்று சாயங்காலம் உன் தோழி ஒருத்தியை வீட்டுக்கு வரச் சொல். எந்தப் பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்று கேட்டுக்கொள். எல்லா நோட்டையும் ஒரே நாளில் எழுத உட்காராதே, கணக்கு மட்டும் முதலில். காலையில் அவளோடு சேர்ந்தே போ. யாராவது கேட்டால் "டைபாய்டு, இப்போது சரியாகிவிட்டது" என்று சொல், அவ்வளவுதான். மூன்று வாரமாக உன் பெயரைப் படித்து, பதில் வராமல் அடுத்த பெயருக்குப் போயிருப்பார் உன் டீச்சர். நாளைக்குக் கொஞ்சம் சத்தமாகவே "உள்ளேன் அம்மா" என்று சொல்.