‘தி கிட்’ படத்தில் சாப்ளினுடன் நடித்த சிறுவனின் புகழ் ஏன் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது?

தங்கள் பிள்ளையை நடிக்க அனுப்பலாமா என்ற யோசனையில்தான் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். வெறும் திரைப்பட ஆர்வம் என்றால் பொறுத்தருள்க.

ஜாக்கி கூகன் வளர்ந்துவிட்டார், அவ்வளவுதான் காரணம். 1914இல் பிறந்தவர், மேடையில் அவரைக் கண்ட சாப்ளின், 1921இல் வெளிவந்த அப்படத்தில், கல்லெறிந்து சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடும் சிறுவனாக நடிக்க வைத்தார். சற்று நேரத்தில் கண்ணாடி மாட்டும் தொழிலாளியாகச் சாப்ளின் அங்கே வந்து நிற்பார். அந்தக் குறும்புக்கு ஐந்து வயது முகமும் நெற்றியில் விழும் முடியும் வேண்டும். 1927இல், முடிவெட்டுவதையே பெயராகக் கொண்ட ஒரு படத்தில் கூகன் நடித்தார். பதின்மூன்று வயதில் அவர் பழைய நட்சத்திரம்.

எனக்கு இது தெரிந்த கதை. தொண்ணூறுகளில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் நாயகனின் மகனாக நடித்தேன். முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்ததால் என் வாயில் ‘ச’ எல்லாம் காற்றாகவே வரும். அதற்காகவே எனக்குச் சகரம் நிறைந்த வசனமாக எழுதினார்கள். பல் முளைத்தது. ஒரு நாள் என்னை அழைத்துச் செல்லும் வண்டி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து, எனக்கென்று வாங்கிய பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் வேறொரு சிறுவன் திரையில் ஓடினான். வீட்டில் யாரும் பேசாமல் கடைசிவரை பார்த்தோம். உடனே, ஒரு தொடரில் நடித்தவன் கூகனோடு தன்னை ஒப்பிடுவதா என்று கேட்பவர்கள் வருவார்கள். நடிப்பை ஒப்பிடவில்லை, பல்லையும் முடியையும்தான் ஒப்பிடுகிறேன்.

புகழ் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பணம் போனதற்குச் சொல்லலாம். சிறுவயதில் பல லட்சம் டாலர் சம்பாதித்த கூகன், தந்தை 1935இல் விபத்தில் இறந்த பிறகு, தம் பணத்தைக் கேட்டு 1938இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குத் தொடர்ந்தார். பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பதுதான் அன்றைய கலிபோர்னியச் சட்டம். ஏறத்தாழ 1,26,000 டாலர் மட்டுமே அவர் கைக்கு வந்தது. அந்த அவலத்தால்தான் 1939இல் அங்கே குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது; இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது.

என் தந்தையை நான் அந்த வரிசையில் வைக்கவில்லை. என் சம்பளத்தில் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போட்டார்; அதன் கீழ்தான் நானும் படுத்தேன். ஆனால் எவ்வளவு வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உறையில் வைத்துக் கொடுப்பார்கள், அவர் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், கையெழுத்தும் கிடையாது, கணக்கும் கிடையாது.

தாங்கள் பிள்ளையை அனுப்புவதாக இருந்தால், இந்தியாவில் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அரசுடைமை வங்கியில் பிள்ளையின் பெயரில் வைப்புநிதியாகப் போட வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அந்த வைப்புநிதிக் கணக்கைத் தொடங்கத் தாங்களே வங்கிக்குச் செல்லுங்கள். தயாரிப்புத் தரப்பு பார்த்துக்கொள்ளும் என்று என் தந்தை நம்பினார். கடைசி நான்கு பகுதிகளுக்கான உறை இன்னும் வரவில்லை.