மூன்று வேலைக்கும் ஒரே விளம்பரமா?

கேள்வி: புறக்கோட்டையில் மின்சாதன மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு எழுத ஒருவர், லொறிச் சாரதி ஒருவர், ஒன்லைன் விற்பனையைக் கவனிக்க ஒருவர் தேவை. இதுவரை தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆள் எடுத்தோம். எந்த வேலைவாய்ப்புத் தளத்துக்குக் காசு கட்டலாம்?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: காசு கட்டுவதற்கு முன் பத்து நிமிடம் நீங்களே வேலை தேடிப் பாருங்கள். போனில் டொப்ஜொப்ஸ், இக்மன், எக்ஸ்பிரஸ் ஜொப்ஸ் ஆகிய மூன்று விளம்பரத் தளங்களையும் திறந்து, உங்களுக்குத் தேவையான பதவியைத் தேடுங்கள். உங்களைப் போன்ற கடைக்காரர்கள் அங்கே ஆள் கேட்டிருக்கிறார்களா? வங்கியும் பெரிய கம்பனியும் மட்டும்தான் என்றால், அவர்கள் நடுவே உங்கள் விளம்பரம் எடுபடுவது கஷ்டம்.

கணக்கு வேலைக்கு நான் டொப்ஜொப்ஸைத்தான் சொல்வேன். ஏஏடி என்ற கணக்கியல் பாடநெறி படிப்பவர்கள் அதை அடிக்கடி புரட்டுவார்கள். ஆனால் அங்கே பல விளம்பரங்கள் படமாகத்தான் திறக்கும். சின்னத் திரையில் பொடி எழுத்தை யார் பெருப்பித்துப் படிப்பது? பதவி, இடம், சம்பளம் மூன்றையும் பெரிதாகப் போடுங்கள். படத்தைத் திறப்பதற்கு முன் பட்டியலில் கண்ணில் படுவது பதவியின் பெயர்தான். அதனால் 'அலுவலக உத்தியோகத்தர்' என்று பொதுவாகப் போடாமல், கணக்கு வேலை என்று தெரியும்படி எழுதுங்கள்.

சாரதி விஷயம் வேறு. அவரிடம் மின்னஞ்சலில் சீவி (சுயவிவரம்) கேட்டால் நல்ல ஆள் தப்பிவிடுவார். இக்மனில் போட்டு, தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்து, அழைப்பை எடுக்கக் கடையில் ஒருவரை வையுங்கள். 'இக்மன்' என்றால் சிங்களத்தில் சீக்கிரம். நீங்கள் இரண்டு நாள் கழித்துத் திருப்பி அழைத்தால் அவர் வேறு லொறியில் ஏறியிருப்பார். எந்த வகை வாகன அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் ஞாயிறு வீரகேசரியிலும் ஒரு வரி விளம்பரம் போடலாம்.

ஒன்லைன் விற்பனைக்கு லிங்க்ட்இன்னில் இலவசமாகவே ஒரு விளம்பரம் போடலாம். முதலில் உங்கள் கடையின் பேஸ்புக் பக்கத்தில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. 'கவர்ச்சியான சம்பளம்' என்று எழுதும் பழக்கத்தை நம்மவர்கள் விட்டபாடில்லை. இத்தனை முதல் இத்தனை வரை என்று தொகையைச் சொல்லுங்கள். ஈபிஎப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) முதலாளி பங்கு சம்பளத்தில் 12 வீதம், ஈரிஎப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். இவை எப்படியும் சட்டப்படி கட்ட வேண்டியவைதான். ஆனாலும் விளம்பரத்தில் அதைச் சொன்னால், ஒழுங்காக நடக்கும் கடை என்று ஆள் நம்புவார். போலி வேலை விளம்பரங்கள் மலிந்த காலம் இது, கடையின் பெயர், முகவரி, நிலையான தொலைபேசி இலக்கம் கட்டாயம் இருக்கட்டும்.

அப்புறம், அழைக்கும் ஒவ்வொருவரிடமும் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். விண்ணப்பங்களை எண்ணாமல், நேர்முகத்துக்கு உண்மையில் வந்தவர்களை எண்ணுங்கள். முதல் மாதம் ஒவ்வொரு தளத்திலும் ஒற்றை விளம்பரத்துக்கு மட்டும் கட்டினால் போதும். வருடம் முழுவதற்கும் விளம்பரப் பொதி தருகிறோம் என்று தளக்காரர்கள் அழைத்தால், கொப்பியைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.