விறகடுப்புப் புகைக்கூடு: கேட்டதும் சொன்னதும்

களுவாஞ்சிகுடி: அண்ணன், புகைக்கூட்டை வருசத்துக்கு எத்தனை தரம் துப்புரவாக்க வேணும்?

உள்சுவரில் படிந்த புகைக்கரியின் தடிப்பைப் பாருங்கள். டோர்ச் அடித்து, ஆணியால் கீறுங்கள். 3 மில்லிமீற்றர் படிந்திருந்தால் உடனே எடுக்க வேணும். நாளாந்தம் எரிக்கிற வீடென்றால் மாரிக்கு முன் புரட்டாதியில் ஒருக்கா, மாரி முடியத் தையில் ஒருக்கா.

ஏறாவூர்: எங்கட கரி தூளாக இல்லை, தார் மாதிரி மினுங்குது.

ஈர விறகின் வேலை. சூடெல்லாம் விறகுத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகை ஆறிப்போய் ஏறும். 120 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள தார் சுவரில் படிந்து, பிறகு கண்ணாடி போல இறுகும். தீப்பிடிப்பதும் அதுதான். தூரிகைக்கு அசையாது. தகரக் குழாயென்றால் அந்தத் துண்டை மாற்றுவதே மலிவு. விறகுக் கட்டை இரண்டைத் தட்டிப் பாருங்கள்: 'டங்' என்றால் காய்ந்தது, 'தொப்' என்றால் ஈரம்.

கல்முனை: 6 அங்குலத் தகரக் குழாய். நாங்களே செய்யலாமா?

செய்யலாம். அடுப்பை அணைத்து 24 மணித்தியாலம் விடுங்கள். சாம்பலுக்குள் தணல் ஒளிந்து கிடக்கும். முகமூடி, கண்ணாடி, கையுறை போட்டு, அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடுங்கள். கூரையில் ஏறாமல், எல்போவை (குழாய் வளையும் துண்டை)க் கழற்றிக் கீழிருந்தே 6 அங்குலக் கம்பித் தூரிகையைத் தள்ளுங்கள். நடுவழியில் திருப்பி இழுத்தால் கம்பி மடிந்து சிக்கும். மேல்வாயால் வெளியே வரும்வரை தள்ளிவிட்டுத்தான் இழுக்க வேணும். குழாயின் மேல்வாயில் தொப்பி இருந்தால் முதலில் கழற்றுவியுங்கள். அதன் வலையும் எல்போவும்தான் அதிகம் அடைபடும். கரியை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு முற்றத்தில் வையுங்கள்.

அக்கரைப்பற்று: எங்களுடையது அஸ்பெஸ்டஸ் குழாய்.

சுரண்டவே வேண்டாம். தூளோடு பறக்கும் நார் நுரையீரலில் தங்கிவிடும். கடும் சூட்டில் குழாய் வெடித்தும் சிதறும். தெரிந்த ஆளைக் கொண்டு, நனைத்து, உடைக்காமல் கழற்றித் தகரக் குழாய் போடுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையில் காலும் வைக்காதீர்கள்.

காத்தான்குடி: உப்புப் போட்டு எரித்தால் கரி கழன்று விழுமாமே?

விழாது. தகரம்தான் துருப்பிடிக்கும். கடற்காற்றால் பிடிக்கிற துரு போதாதா?

திருக்கோவில்: கூட்டுக்குள் 'ஹோ' என்று இரைந்தால்?

உள்ளே தீ. எல்லாரையும் வெளியேற்றி, தீயணைப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். கிட்டப் போக முடிந்தால் மட்டும் அடுப்பு வாயைத் தகரத்தால் அடையுங்கள். கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆவி சீறும், செங்கல் பிளக்கும். நன்றாக ஆறிய பிறகு மேல்வாயை ஈரச்சாக்கால் மூடி, கதவு யன்னலைத் திறந்துவிட்டு, கீழே ஒரு பிடி ஈரவைக்கோல் கொளுத்துங்கள். புகை கசியும் இடத்தில் வெடிப்பு இருக்கு. அதைப் பூசும்வரை அந்த அடுப்பை மூட்டாதீர்கள்.