டிஸ்க் 98 சதவீதம் பிஸியா, 12 சதவீதமா? எதை நம்புவது?

கேள்வி: மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறேன். பில் போடும் சாஃப்ட்வேர் ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். காலை பத்து மணிக்கு மேல் சில சமயம் ஒரு பில் வர அரை நிமிடம் ஆகிறது. ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர்கள், டிஸ்க் நிலவரம் காட்டும் ஐயோஸ்டாட் கட்டளையில் டிஸ்க் 98 சதவீதம் பிஸி என்று காட்டி, சர்வரையே மாற்றச் சொல்கிறார்கள். தம்பி மகன், எந்த புரோகிராம் டிஸ்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் ஐயோடாப் போட்டுப் பார்த்து, வினாடிக்கு 350 கேபிதான் போகிறது, இதெல்லாம் ஒரு வேலையா என்கிறான். மானிட்டரிங் திரை 12 சதவீதம் என்கிறது. இதில் எது பொய்?

பதில்: எதுவும் பொய் இல்லை. மூன்றும் வேறு வேறு கணக்கு.

உங்கள் தெருவிலேயே பாருங்கள். லாரியிலிருந்து ஐம்பது கிலோ மூட்டையை இறக்கி எதிர் குடோனில் அடுக்கும் ஆள் ஒரு மணி நேரத்தில் டன் கணக்கில் தூக்கிவிடுவார். அதே ஆளிடம் கால் கிலோ சீரகப் பொட்டலத்தைக் கொடுத்து விளக்குத்தூணுக்கு அனுப்புங்கள், வந்ததும் அடுத்ததை யானைக்கல்லுக்கு, மறுபடி விளக்குத்தூணுக்கு. நிற்க நேரமிருக்காது, ஆனால் சாயங்காலம் எடை போட்டால் ஐந்து கிலோ தேறாது. ஐயோடாப் சொல்வது எடை. ஐயோஸ்டாட்டின் ‘யூட்டில்’ பத்தி சொல்வது, ஆள் எவ்வளவு நேரம் ஓட்டத்தில் இருந்தார் என்பது.

கணக்கும் பொருந்தி வருகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவிப் படிக்க ஏறக்குறைய 12 மில்லி வினாடி எடுக்கும். வினாடிக்கு எண்பது தாவல். ஒரு தாவலுக்கு 4 கேபி என்றால் 320 கேபி. ஆக, தம்பி மகன் பார்த்த 350 கேபிக்கே உங்கள் டிஸ்க் மூச்சு முட்டிப்போகும்.

12 சதவீதம்? அந்தத் திரை அநேகமாக ஐந்து நிமிட சராசரி போடுகிறது. 300 வினாடியில் 36 வினாடி முழு மூச்சாக ஓடி, மீதி நேரம் சும்மா இருந்தால் சராசரி 12தான். உங்கள் பில் மாட்டுவது அந்த 36 வினாடிக்குள். எனவே கேட்க வேண்டியது, அந்த 36 வினாடியில் என்ன ஓடியது என்பதை. இதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஏனென்றால், 98ஐச் சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸாப்பில் அனுப்புவது சுலபம். ஐயோஸ்டாட் முதல் தடவை காட்டும் வரிசை, சர்வர் ஆன் ஆனதிலிருந்து இன்றுவரைக்குமான சராசரி. அதையே இன்றைய நிலவரம் என்று ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கொட்டேஷனோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘மூன்று கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள்’ என்பார்கள். மூன்றும் ஒரே லேப்டாப்பில் அடித்தவையாக இருக்கும். சர்வரின் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டால் ‘கம்பெனி பாலிசி’. பணம் போட்டு வாங்கியது நீங்கள், பூட்டுச்சாவி அவர்களிடம். இதை என்னவென்று சொல்வது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்களிடம் இருப்பது ஒற்றை ஹார்ட் டிஸ்க் என்பதால்தான் 98க்கு அர்த்தம் இருக்கிறது. சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால் அந்த எண்ணை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். எஸ்எஸ்டி என்பது ஒரே நேரத்தில் பத்து ஆள் தூக்கும் செட். ‘யூட்டில்’ பார்ப்பது, ஒரு வேலையாவது கையில் இருக்கிறதா என்பதை மட்டும். ஒருவர் தூக்கி, ஒன்பது பேர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் 100தான் காட்டும். பல டிஸ்க் சேர்த்த ரெய்டு பெட்டிக்கும், வாடகைக்கு எடுத்த கிளவுடு டிஸ்குக்கும் இதே கதை. அங்கெல்லாம் ‘அவெய்ட்’ என்று முடியும் பத்திகளைப் பாருங்கள். ஒரு வேலை கொடுத்து, முடிந்து வர எத்தனை மில்லி வினாடி ஆனது என்பது அது. உங்கள் ஹார்ட் டிஸ்கில் அது 10, 20 என்றால் கவலை இல்லை. 200, 300 என்று போனால் கவுண்டரில் ஆள் காத்திருக்கிறார் என்று அர்த்தம். பழைய பதிப்புகளில் ‘எஸ்விசிடிஎம்’ என்று ஒரு பத்தி இருக்கும். அதை நம்பாதே என்று அந்தக் கட்டளையின் கையேடே சொன்னது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் இதே புலம்பலுக்கு இரண்டு தடவை டிஸ்க் மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். லட்சக்கணக்கான பில் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பேக்கப், விடிகாலை ஐந்து மணிக்கு வைத்திருந்தது. சர்வர் கடிகாரமோ இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. கடையில் கூட்டம் சேரும் பத்தரைக்குப் பேக்கப் கிளம்பும். கடிகாரத்தைச் சரி செய்தேன், அவ்வளவுதான்.

அதனால் நாளைக்கே சர்வரில் ‘டேட்’ என்று அடித்து மணி பாருங்கள். அப்புறம், பில் மாட்டும் நேரத்தில் ஐயோஸ்டாட்டை ஐந்து வினாடி இடைவெளியில் ஓடவிட்டு, முதல் வரிசையை ஒதுக்கி மற்றதை எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே ஐயோடாப்பையும் திறந்து, எந்த புரோகிராம் மேலே வருகிறது என்று பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விஎம்ஸ்டாட் என்ற கட்டளையில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ பத்திகள், ரேமில் இடமில்லாமல் டிஸ்குக்குப் போய் வருவதைக் காட்டும்; அவற்றில் எண் தொடர்ந்து ஓடினால் ரேம் பத்தவில்லை. அதற்குச் சர்வர் மாற்ற வேண்டாம், ரேம் போட்டால் போதும். எல்லாம் பார்த்தும் பில்லிங் சாஃப்ட்வேர்தான் டிஸ்கைத் தின்கிறது என்று தெரிந்தால், ஒரு எஸ்எஸ்டி போடுங்கள், பளிச்சென்று வித்தியாசம் தெரியும். முழு சர்வர் கொட்டேஷனை மட்டும் டேட்டா எடுத்துக் காட்டும் வரை மேசையிலேயே வைத்திருங்கள்.